மோட்டார் வண்டியில் எழும் ஓசைகள்

வாடகைக்கு ஓடும் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் இடையே கலியாண வீட்டாரையும் நோயாளரையும் ஏற்றி இறக்கி அதன் சொந்தக்காரர் சீவியம் நடத்துகிறார். சில நாட்களாக வண்டியின் பின்புறத்திலிருந்து ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம் கேட்கிறது. கராச் ஒன்றிற்குச் சென்றால் அங்குள்ளவர், “டிபறென்சியல் முடிந்துவிட்டது, முழுதாகவே மாற்றவேண்டும்” என்கிறார். அடுத்த கராச்சில், “சில்லுப் பெயாரிங்” என்கிறார்கள். மூன்றாமவரோ, “பழைய கார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், பேசாமல் ஓட்டுங்கோ அண்ணை” என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடுகிறார். முதலாமவரின் சொல் தவறாயின் சொந்தக்காரருக்கு இரண்டு மூன்று மாத உழைப்பு வீணாகும். மூன்றாமவரின் சொல் தவறாயின் வீணாவது பணம் மட்டுமாக இராது.

இம்மூவரும் அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கேளாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. சத்தம் எத்தகையது என்று கேட்டார்கள். அது எப்பொழுது எழுகிறது, எப்பொழுது அடங்குகிறது என்று கேட்கவில்லை. ஊளை, உறுமல், முனகல் என்னும் சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் வழங்குவர். ஒருவருக்கு உறுமலாகக் கேட்பது மற்றொருவருக்கு முனகலாகக் கேட்கும். ஆனால், “கிளச்சை மிதித்தவுடன் சத்தம் நின்றது” என்ற கூற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வண்டியின் சத்தங்களை ஆராயும் கலை முழுவதும் இந்த ‘எப்பொழுது’ என்ற கேள்வியின் மீதே நிற்கிறது எனலாம்.

அக்கேள்வி பயன்தருவதற்குக் காரணம் வண்டியின் அமைப்பே. எஞ்சினில் பிறக்கும் வலு சில்லுகளை அடையும்வரை பல உறுப்புகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடர்ந்து சுழல்கின்றன. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் இதற்குத் தக்க உதாரணம். எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதை அடுத்து கிளச், அதன்பின் கியர்ப்பெட்டி, அங்கிருந்து ஆசனங்களுக்குக் கீழாகப் பின்னோக்கிச் செல்லும் நீண்ட குழாய் போன்ற புறொப்பெல்லர் தண்டு, அதன் முடிவில், நேராக வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி இரு பின்சில்லுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் டிபறென்சியல், கடைசியாக அரைத்தண்டுகளும் சில்லுகளும். இவை யாவும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. எல்லாம் எப்பொழுதும் சுழல்வதுமில்லை. எந்த நிலையில் எது சுழல்கிறது, எது சும்மா இருக்கிறது, எதன்மேல் பாரம் ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால், சத்தம் தோன்றும் நேரமே அது பிறக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் தீர்க்கவேண்டியது, சத்தம் எஞ்சினின் வேகத்தைத் தொடர்கிறதா, வண்டியின் வேகத்தைத் தொடர்கிறதா என்பதாகும். வண்டியை நிறுத்தி, கியரை நியூற்றலில் விட்டு, எஞ்சினை மெல்ல விரைவுபடுத்தினால் அதே சத்தம் கேட்கிறதா? கேட்குமாயின் புறொப்பெல்லர் தண்டையும் டிபறென்சியலையும் சில்லுகளையும் அக்கணமே விடுதலை செய்துவிடலாம். அவை அப்பொழுது சுழலவேயில்லை. கேளாவிடின், வாகன நெரிசல் இல்லாத நேரான, சமதரையான வீதியில் சத்தம் எழும் வேகத்தை எட்டியபின், கியரை நியூற்றலுக்கு மாற்றி வண்டியைத் தானாக உருளவிட வேண்டும். எஞ்சின் தணிந்து முனகும். வண்டியோ அதே வேகத்திற் செல்லும். சத்தம் மாறாது தொடர்ந்தால் அதன் பிறப்பிடம் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ளது. இந்தச் சோதனையின்போது எஞ்சினை நிறுத்திவிடலாகாது. பிற்காலத்து வண்டிகளில் திறப்பைத் திருப்பி எடுத்தால் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். பிறேக்கும் எஞ்சினின் துணையை இழந்து கடினமாகிவிடும். தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் இச்சோதனையைச் செய்யாது விடுவதே நலம்.

எஞ்சினுக்கு உரிய சத்தத்தை வேறொன்றின் சத்தமாக மயங்குவதும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990களில், பெற்றோல் கிடையாத போர்க்காலத்தில், மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் அறிவர். சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் உரிய தருணத்துக்கு முன்பே ஒழுங்கின்றி வெடித்து எரியும் இயல்புடையது. ஆதலின் பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது சல்லிக் கற்களைத் தகரப் பேணியில் இட்டுக் குலுக்குவதுபோல எஞ்சினில் ஒரு கலகலப்பு எழும். அதைக் கியர்ப்பெட்டியின் குற்றமெனக் கருதியோரும் இருந்திருக்கலாம். அக்சிலேற்றரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் அது உடனே மறைந்துவிடும். பற்சில்லு தேய்ந்த சத்தம் அவ்வாறு முற்றாக மறைவது அரிது. அதைவிட அஞ்சத்தக்கது, எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலிற் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. அதன் விளைவை அக்காலத்து எஞ்சின்கள் பல தமது பெயாரிங்குகளால் அனுபவித்தன.

வண்டி நிற்கும்போதே கேட்கும் சத்தத்தைக் கிளச்சின் மிதியே பிரித்துக் காட்டும். மிதியை அழுத்தாதபோது கேட்டு, அழுத்தியவுடன் அடங்கும் சத்தம் கியர்ப்பெட்டிக்கு உள்ளிருந்து வருவது. மிதியை அழுத்தும்போது அப்பெட்டிக்குள் செல்லும் சுழற்சி துண்டிக்கப்படுகிறது அல்லவா? மாறாக, அழுத்தும்போது மட்டும் தோன்றும் கரகரப்பு, கிளச்சைத் தள்ளும் பெயாரிங்குக்கு உரியது. மைனரில் இது உண்மையில் உருளைகள் கொண்ட பெயாரிங் அன்று. கரிவளையம் ஒன்றே அங்கு உரசி வேலை செய்கிறது. ஓட்டும்போது இடக்காலை மிதியின்மீதே ஓய்வாக வைத்திருக்கும் பழக்கமுடையோர் அவ்வளையத்தை விரைவில் தேய்த்துவிடுவர்.

ஓடும்போது கியர்ப்பெட்டியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய நான்கு கியர் வண்டிகளில் நான்காவது கியரில் வலு நேரே ஊடுருவிச் செல்கிறது. எஞ்சின் ஒரு முறை சுழன்றால் புறொப்பெல்லர் தண்டும் ஒரு முறை சுழலும். முதல் மூன்று கியர்களில் அவ்வாறன்று. வலு கீழே உள்ள துணைத்தண்டின் பற்சில்லுகளில் இறங்கி, மீண்டும் மேலேறிச் செல்ல வேண்டும். ஆகவே, ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய கியர்களில் இரைந்து, நான்காவதில் வண்டி அமைதியடையுமாயின் துணைத்தண்டின் பெயாரிங்குகளே முதற் சந்தேகத்துக்கு உரியன. ஒரு கியரில் மட்டும் கேட்பது அக்கியரின் பற்களுக்கு உரியது. ஆனால் மைனரின் முதற் கியரிலும் பின்செல்லும் கியரிலும் கேட்கும் ‘ஙீ’ என்ற இரைச்சல் நோயன்று. அப்பற்கள் சரிவாக அன்றி நேராக வெட்டப்பட்டவை. பல்லோடு பல் முழு அகலத்தில் ஒரேயடியாக மோதுவதால் புதுக் காரிலும் அந்த இரைச்சல் உண்டு. அதற்காகக் கியர்ப்பெட்டியைத் திறப்பது, குழந்தை அழுகிறது என்பதற்காகத் தொண்டையை அறுத்துப் பார்ப்பதை ஒக்கும்.

இனி, வண்டியின் வேகத்தைத் தொடரும் சத்தங்கள். இங்கேதான் செவியோடு சிறிது எண்கணிதமும் வேண்டும். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு 1956ஆம் ஆண்டு வெளிவந்த மைனர் 1000 காரின் டிபறென்சியலில், தண்டோடு இணைந்த சிறு பற்சில்லுக்கு 9 பற்கள். சில்லுகளைச் சுழற்றும் பெரிய வளையச் சில்லுக்கு 41 பற்கள். எனவே பின்சில்லு ஒரு முறை சுழலும்போது புறொப்பெல்லர் தண்டு ஏறக்குறைய நாலரை முறை சுழல்கிறது. சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.84 மீற்றர் தூரம் செல்லும். மனிதர் நடக்கும் வேகத்தில் வண்டியை நகர்த்தி, ஒருவர் கூடவே நடந்து, ரயரில் இட்ட சுண்ணாம்புக் குறியைப் பார்த்துக்கொண்டு செவிகொடுத்தால், ‘டக்’ என்ற ஓசை சில்லின் சுற்றுக்கு ஒரு முறை எழுகிறதா, நாலைந்து முறை எழுகிறதா என்று எண்ணிவிடலாம். ஒரு முறையாயின் சில்லு, அரைத்தண்டு, பிறேக் உருளை, ரயரில் ஏறிய கல் அல்லது ஆணி, வளையச் சில்லில் உடைந்த ஒரு பல் ஆகியவற்றுள் ஒன்று. நாலைந்து முறையாயின் தண்டைச் சார்ந்தது. ரயரிற் சிக்கிய ஒரு சல்லிக்கல்லுக்காகப் பின் அச்சை இறக்கிப் பார்த்த கதைகள் கராச்சுகளில் வழங்குவதுண்டு.

வேகம் கூடியபின் எண்ண முடியாது. ஆனால் அப்பொழுது சுருதி பேசத் தொடங்குகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அக்காரின் சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய 7½ முறை சுழலும். அதில் உண்டாகும் கோளாறு காதிற் கேட்பதினும் ஆசனத்திலும் ஸ்ரியறிங்கிலும் நடுக்கமாக உணரப்படும். புறொப்பெல்லர் தண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 34 முறை சுழலும். அதன் நிறை ஒருபுறம் சாய்ந்திருப்பின் தரைத் தகட்டில் அடிக்கும் அடங்கிய ரீங்காரமாகக் கேட்கும். டிபறென்சியலின் பற்களோ செக்கனுக்கு 310 முறை அளவில் ஒன்றையொன்று தொடுகின்றன. அது தெளிவான ஒரு சுரம். ஹார்மோனியத்தின் நடு ஸ்தாயியில் இரண்டரைக் கட்டைக்கு ஏறக்குறைய ஒத்தது. வேகம் 60 கிலோமீற்றர் ஆகும்போது அதே சுரம் நாலரைக் கட்டை அளவுக்கு உயர்ந்துவிடும். நாதஸ்வரத்தின் சுருதி சிறிது விலகினாலும் முகஞ்சுளிக்கும் செவிகளுக்கு இவ்வேறுபாட்டை அறிவது பெரிய காரியமன்று. சுரமாக இழைவது பற்சில்லு. சுரமின்றிக் கரகரப்பது பெயாரிங். சுரமும் இன்றிக் கரகரப்பும் இன்றி அதிர்வது தண்டு. இதைச் சட்டமாகக் கொள்ளலாகாது எனினும் தொடங்குவதற்கு நல்ல வழிகாட்டி.

தண்டைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டியுளது. பின் அச்சு வில்தகடுகளின்மேல் ஏறியிறங்கும், கியர்ப்பெட்டியோ அசையாது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு மடங்கியும் சுழல வேண்டும். அதற்காகவே அதன் இரு முனைகளிலும் யூனிவேர்சல் ஜொயின்ற் எனப்படும் மூட்டுகள் உள்ளன. இரு கவர்கள், அவற்றின் நடுவே ஒரு சிலுவை, சிலுவையின் நான்கு கைகளிலும் ஊசி போன்ற நுண்ணிய உருளைகள் நிறைந்த நான்கு கிண்ணங்கள்: இவ்வளவே அதன் அமைப்பு. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக் இதனை ஆராய்ந்தமையால் ஹூக்கின் மூட்டு என்றும் இதற்குப் பெயர் உண்டு. இம்மூட்டுக்கு ஒரு குணவிசேடம் இருக்கிறது. கோணத்தில் மடங்கிச் சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே செல்லும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாமதித்தும் செல்லும். மறுமுனையிலுள்ள இரண்டாவது மூட்டு அதை எதிர்த்துச் சமன்செய்கிறது. ஆயின் தண்டின் இருமுனைக் கவர்களும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அது நிகழும். தண்டு இரண்டாகப் பிரியும் வண்டிகளில், கழற்றிய பாகத்தைப் பல் மாற்றிப் பூட்டிவிட்டால், முன்னர் இல்லாத அதிர்வொன்று புதிதாகத் தோன்றும். கழற்றுமுன் இரு பாகத்திலும் ஒரு கீறு இட்டுக்கொள்ளும் தொழிலாளரிடம் இத்துன்பம் நேர்வதில்லை.

கிறீஸ் வறண்ட மூட்டு முதலில் மெல்லப் பேசும். மெதுவாக ஓடும்போது சிள்வண்டுபோலக் ‘கிறீச், கிறீச்’ என்று ஒலித்து, வேகம் கூடக்கூட விரையும். அடுத்து, கிண்ணங்களின் ஓரத்திற் செந்துருத் தூள் படியும். அதற்கு அப்பால், வண்டி இழுக்கத் தொடங்கும்போதும், அக்சிலேற்றரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் ‘டங்’ என்று ஓர் அடி விழும். உருளைகள் சிலுவையின் கையில் பள்ளம் உண்டாக்கிவிட்டன என்பது அதன் பொருள். இந்த அடியைப் பலர் மாதக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகின்றனர். பின் அச்சை வில்தகட்டோடு பிணைக்கும் வளைந்த போல்ற்றுகள் தளர்ந்தாலும் இதே அடி விழும். அவற்றை இறுக்குவது சிறிய வேலை. மூட்டாயின் நிலைமை வேறு. ஓடும் வண்டியில் முன்மூட்டு உடைந்தால் தண்டின் முன்முனை கீழே விழுந்து வீதியிற் குத்தி ஊன்றிக்கொள்ளக்கூடும். வேகமாகச் செல்லும் வண்டியை அது பின்புறத்தால் தூக்கிவிடவும் வல்லது. பின்முனை விழுந்தால் தண்டு சுழன்று தரைத் தகட்டையும் பிறேக் குழாயையும் அடிக்கும். ஊளையிடும் டிபறென்சியல் பல்லாயிரம் மைல் ஓடலாம். ‘டங்’ என்னும் மூட்டோடு நோயாளியை ஏற்றிச் செல்வது அறிவுடைமையன்று. மலிவான உறுப்பின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு விலையுயர்ந்த உறுப்பின் சத்தத்துக்கு அஞ்சுவது வண்டிக்காரர் பலரின் வழக்கம்.

இம்மூட்டை அறிய வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எஞ்சின் நின்றிருக்க, தண்டைக் கையாற் பிடித்து இருபக்கமும் திருகிப் பார்த்தால், மூட்டின் இருபுறமும் ஒன்றாக அசைகின்றனவா, ஒன்று அசைந்தபின் மற்றது அசைகிறதா என்று தெரிந்துவிடும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே எக்காரணங்கொண்டும் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்திச் சோதிப்போரும் உளர். தரையிலுள்ள சில்லு நிற்பதால் உயர்த்திய சில்லு வழக்கத்தினும் இருமடங்கு வேகத்தில் சுழலும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வதில்லை. வண்டி நழுவித் தரையைத் தொட்டால் அடுத்த கணமே பாய்ந்துவிடும்.

டிபறென்சியலின் ஊளையைச் சோதிக்க மூன்று நிலைகள் உள. அக்சிலேற்றரை மிதித்து எஞ்சின் வண்டியை இழுக்கும் நிலை. காலை எடுத்துவிட, வண்டி எஞ்சினை இழுக்கும் நிலை. இரண்டும் இன்றி வேகம் சரியாக நிலைநிற்குமாறு மெல்லப் பிடித்திருக்கும் நிலை. பல்லின் ஒரு முகம் முதல் நிலையிலும் மறு முகம் இரண்டாம் நிலையிலும் பாரம் சுமக்கிறது. ஆதலின் ஒரு நிலையில் ஊளையிட்டு மற்றொரு நிலையில் அடங்கும் சத்தம் பற்சில்லுகளுக்கே உரியது. மூன்று நிலையிலும் மாறாது கரகரப்பது பெயாரிங்காக இருக்கக்கூடும். நேரே செல்லும்போது கேளாது, வீதி திரும்பும்போது மட்டும் பின் அச்சின் நடுவில் கேட்பது டிபறென்சியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகளைச் சேர்ந்தது. நேரே செல்லும்போது அவை தம்முள் சுழல்வதில்லை.

இவ்வுறுப்பின் நோய்க்கு ஒயிலே பெரும்பாலும் காரணமும் மருந்துமாகிறது. மைனரின் பின் அச்சில் உள்ளவை ஹைப்பொயிட் வகைப் பற்கள். சிறு சில்லின் மையம் பெரிய சில்லின் மையத்துக்குக் கீழாக அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஒயிற்படலம் கிழிந்துவிடும். கந்தகம் முதலிய சேர்மானங்கள் கொண்ட ஹைப்பொயிட் ஒயில் வேண்டும். அதன் மணமே அதை அடையாளம் காட்டும். கியர்ப்பெட்டியின் கதை வேறு. மைனரின் கியர்ப்பெட்டிக்கு எஞ்சினுக்கு இடும் ஒயிலையே இடும்படி கையேடு கூறுகிறது. ‘கியர் ஒயில்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கி இரண்டிலும் ஒன்றையே ஊற்றுவோர் தம்மையறியாமல் கெடுதி செய்கின்றனர்: கந்தகச் சேர்மானம் மிகுந்த சில ஒயில்கள் கியர்ப்பெட்டியிலுள்ள வெண்கல வளையங்களை அரிக்கும், எஞ்சின் ஒயிலோ பின் அச்சின் பற்களைக் காவாது. ஒயில் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, அது எவ்வழியே போயிற்று என்றும் பார்க்க வேண்டும். பின்சில்லின் உட்புறம் ஈரமாக இருந்தால் அடைப்பு வளையம் பழுதாகி ஒயில் பிறேக்குக்குள் கசிகிறது என்பது பொருள். ஊளைச் சத்தத்தை விசாரிக்கப்போய்ப் பிடிக்காத பிறேக்கைக் கண்டுபிடித்தவர் நற்பேறுடையவர்.

சில்லுப் பெயாரிங்கின் உறுமலுக்கும் ரயரின் உறுமலுக்கும் இடையே மயங்காதவர் அரிது. மாரி வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் பெயாரிங்குகளில் நீர் புகுந்து துருப்பிடித்து, உருளும் பாதையிற் குழிகள் விழும், அக்குழிகளே உறுமுகின்றன. வெறுமையான அகன்ற வீதியில், மிதமான வேகத்தில், வண்டியை இடமும் வலமுமாக மெல்ல வளைத்தால், வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சில்லுகளின்மேல் சாயும். அப்பொழுது உறுமல் ஓங்கினால் இடப்பக்கப் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். பத்து மைல் ஓடியபின் சில்லின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையை மெல்லக் கொண்டுசெல்லலாம். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பெயாரிங்கோ விடாது பற்றிய பிறேக்கோ இருக்கிறது. ரயரின் சத்தமோ வீதிக்கு வீதி மாறும். பழைய சல்லி வீதியில் ஒருவிதமாகவும், புதிய காபெற் வீதிக்கு ஏறியவுடன் வேறுவிதமாகவும் ஒலிக்கும். பெயாரிங்குக்கு வீதி எதுவாயினும் ஒன்றே.

முன்சில்லுகளே வண்டியை இழுக்கும் இக்காலத்துச் சிறு கார்களில் புறொப்பெல்லர் தண்டும் இல்லை, பின் அச்சின் ஊளையும் இல்லை. மைனரை வடிவமைத்த அதே இசிகோனிஸ் 1959இல் வெளியிட்ட மினி காரே இவ்வமைப்பைப் பரப்பியவற்றுள் முதன்மையானது. அங்கே திரும்பும் சில்லுக்கே வலுவையும் செலுத்த வேண்டியிருப்பதால், எக்கோணத்திலும் சீராகச் சுழற்றும் உருண்டை மூட்டுகள் உள்ளன. அவற்றைக் காப்பது ஒரு றப்பர் உறை. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியே சிதறும். மணல் உள்ளே புகும். பின்னர், ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பிக்கொண்டு புறப்படும்போது ‘டிக் டிக் டிக்’ என்ற ஒலி எழும். வெறும் வளவில் இடமாக ஒரு வட்டம், வலமாக ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தால் எப்பக்கத்து மூட்டு என்று பெரும்பாலும் புலப்படும். உறை கிழிந்த வாரத்திலேயே மாற்றினால் செலவு சொற்பம். ஒலி எழுந்தபின் மூட்டையே மாற்ற நேரும்.

சத்தம் பிறக்கும் இடத்தைச் செவியால் மட்டும் குறிப்பது கடினம். தகட்டு உடல் முழுவதும் ஓசையைக் கடத்துவதால் பின்னால் பிறப்பது முன்னால் கேட்கும். ஆகவே சாரதியைத் தவிர இன்னொருவரும் பின்னாசனத்தில் இருந்து கேட்க வேண்டும். வண்டி நிற்க எஞ்சின் ஓடும்போது, நீண்ட மரக்கம்பு ஒன்றின் ஒரு முனையைக் கியர்ப்பெட்டியின் ஓட்டிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்தால், வைத்தியரின் குழாய்போல அது உட்சத்தத்தைக் கொண்டுவரும். சால்வையும் தொங்கும் சட்டைக் கையும் விசிறிக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

இனி, முதலிற் சொன்ன காருக்கு வரலாம். அதன் சொந்தக்காரர் நான்காவது கராச்சுக்குப் போகுமுன், மகனைப் பின்னாசனத்தில் இருத்தி ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு, ஒரு தாளில் இவ்வாறு எழுதியிருப்பார் என்று கொள்ளலாம்: நிற்கும்போது சத்தமில்லை. மணிக்கு 30 மைலளவில் தொடங்குகிறது. நியூற்றலில் உருண்டாலும் கேட்கிறது. மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. இடம், வலம் வளைத்தாலும் மாற்றமில்லை. காபெற் வீதியில் பாதியாகக் குறைகிறது.

இத்தாளைப் படிக்கும் மெக்கானிக் டிபறென்சியலின் பக்கமே போகமாட்டார். முதலில் நான்கு ரயர்களையும் கையால் தடவிப் பார்ப்பார். பின்னிரண்டும் ஈர்வாளின் பற்கள்போல ஒருபுறம் உயர்ந்தும் ஒருபுறம் தாழ்ந்தும் தேய்ந்திருக்கும். அவற்றை முன்னுக்கும் முன்னுள்ளவற்றைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டி வீதியில் ஓட்டுவார். சத்தம் முன்னே வந்துவிடும். அதற்கு ஆகும் செலவு அரைமணி நேரக் கூலி. போகும்போது, தண்டின் பின்மூட்டில் செந்துருத் தூள் படிந்திருப்பதையும் காட்டி, கலியாண ஓட்டங்கள் தொடங்குமுன் அதை மாற்றிவிடும்படி சொல்லி அனுப்புவார். அந்த மூட்டு அதுவரை ஒரு சத்தமும் போட்டிருக்கவில்லை.